நான் கேட்ட சுகப்பிரசவம்

என் மூத்த மகன் மூன்று நாள்தான் இருந்தான். அவனை நான் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை.

என் பெயர் சாந்தி. ஈப்போவில் இருக்கிறேன். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை நான் வாய்க்குள் வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டுவரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் மரம் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்து பல வருஷம் ஆகியிருந்தது. பழைய லயத்து வீடுகளில் ஏழு குடும்பம்தான் மிச்சம். என் வீட்டுக்காரர் ஜேம்ஸ் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வலி எடுத்தது. திங்கட்கிழமை மத்தியானம்வரை வலி. ஆஸ்பத்திரியில் முக்கச் சொன்னார்கள். முக்கினேன். தலை இறங்கி வந்து மாட்டிக்கொண்டது. அப்புறம் என்னைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கட்டிலின் ஒரு சக்கரம் கத்திக்கொண்டே வந்தது. அது மட்டும் ஞாபகம்.

கண் திறந்தபோது வயிற்றை அறுத்திருந்தார்கள். மூன்று பை ரத்தம் ஏற்றினார்கள். பிள்ளை வேறு வார்டில் குழாய் மாட்டிக் கிடந்தான். எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க விடவில்லை. மூன்றாம் நாள் ஜேம்ஸ் வந்து கட்டில் கால்மாட்டில் நின்றார்.

"போயிட்டான்" என்றார்.

அவரே கொண்டுபோய் அடக்கம் பண்ணினார். நான் படுக்கையில் கிடந்தேன். தையலில் சீழ் வைத்து மேலும் எட்டு நாள் ஆனது. வீட்டுக்கு அனுப்பும் முன் பெரிய டாக்டர் வந்து நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. தலையை ஆட்டினேன். ஒரு கடிதம் கொடுத்தார்கள். மாசமாக இருக்கும்போது கிளினிக்கில் கொடுக்கிற பிங்க் புத்தகத்துக்குள் அதை வைத்தேன்.

முப்பதாம் நாள் அவன் கல்லறையில் சிலுவை நட்டோம். செத்த பிள்ளையின் சாமான் வீட்டில் இருக்கக் கூடாது என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். தொப்பி, காலுறை, இரண்டு சட்டை, பவுடர் டப்பா எல்லாவற்றையும் ஜேம்ஸ் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார். அந்தப் பிங்க் புத்தகத்தையும் போட்டார். உள்ளே பிள்ளையின் ஸ்கேன் படம் ஒட்டியிருந்தது. அதனால் அது பிள்ளையுடைய புத்தகம் என்று நினைத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சிலுவைக் காலடியில் குழி வெட்டி டின்னைப் புதைத்தோம்.

அதற்கப்புறம் தோட்டத்தில் இருக்க முடியவில்லை. ஈப்போவுக்கு வந்தோம். ஜேம்ஸுக்கு ஐஸ் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவேன். பாடும்போது வாய் அசையும். உள்ளே ஒன்றும் இருக்காது. பிள்ளை இருக்கா என்று யாராவது கேட்டால் "இல்ல" என்பேன். பிறந்தது, செத்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. பாஸ்டரிடம் ஜேம்ஸ்தான் சொன்னார். அவர் மூலமாகத்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி மாசமானேன். சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது.

கிளினிக்கில் ஒரு தமிழ் நர்ஸ் இருந்தார். மிஸி என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயசு. டாக்டர் மலாயில் சொல்வதை அவர்தான் எனக்கு எடுத்துச் சொல்வார்.

"அக்கா, மொத பிள்ள ஆப்பரேசன். இப்ப ரெண்டு வழி இருக்கு. நார்மலா பெத்துப் பாக்கலாம், இல்ல தேதி வச்சி மறுபடி ஆப்பரேசன் பண்ணலாம். ஆனா அதுக்கு முன்னாடி பழைய ஆஸ்பத்திரி சூராட், அந்தக் கடிதம் வேணும். இருக்கா?"

"எதுக்கு?"

"உள்ள எப்படி வெட்டியிருக்காங்கன்னு டாக்டர் பாக்கணும்."

"குறுக்கத்தான் வெட்டியிருக்கு. தழும்பு இருக்குல்ல" என்றேன். சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"அது வெளிய உள்ளதுக்கா. தோல்ல வெட்டுறது வேற, கர்ப்பப்பையில வெட்டுறது வேற லா. வெளிய குறுக்க இருக்கும், உள்ள மேல கீழ வெட்டியிருப்பாங்க. அப்படி வெட்டியிருந்தா நார்மலுக்கு விட முடியாது. வலி எடுத்தா பிரிஞ்சிரும். அப்புறம் நீங்களும் இல்ல, பிள்ளையும் இல்ல."

அடுத்த தடவை கொண்டு வருகிறேன் என்றேன். கடிதம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அடுத்த தடவை மிஸி கேட்டார். அடுத்த மாசம் என்றேன். அதற்கு அடுத்த தடவையும் அதையே சொன்னேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்குக் கத்தி என்றால் பயம். அதைவிட, சபையில் நான் ஒரு வார்த்தை விட்டிருந்தேன்.

எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர் லில்லி அக்கா. நல்ல மனுஷி. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் கஞ்சி வைத்துத் தூக்கிக்கொண்டு போவார். வாய் மட்டும் சும்மா இருக்காது. ஏழாம் மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என்னை நடுவில் உட்கார வைத்துத் தலையில் கை வைத்தார்.

"சுகப்பிரசவத்துக்கு ஜெபிப்போம். கத்தி படாம இந்தப் பிள்ள வரணும். நா ஆறு பெத்தேன், ஒண்ணுக்கும் கத்தி படல. கடைசிப் பயதான் இப்ப கத்தி மாதிரி பேசுறான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அறுத்து எடுத்தா அது ஆஸ்பத்திரி சாட்சி சாந்தி. ஆண்டவர் சாட்சி எங்க? நீ சொல்லு. சுகப்பிரசவம் ஆனா சாட்சி சொல்லுவியா?"

"சொல்றேங்க்கா" என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே ஜெபம். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரும் மேடையிலிருந்து சொன்னார். முப்பது நாற்பது பேர் எனக்காகக் கேட்கிறார்கள். நான் போய் ஆப்பரேசனுக்குக் கையெழுத்துப் போட்டால் அவர்கள் ஜெபத்தை நானே தள்ளிவிட்டதுபோல் ஆகும். எனக்கு அப்படித்தான் பட்டது.

வீட்டில் நான் தனியாகவும் ஜெபித்தேன். சுகப்பிரசவம் தாரும் என்பேன். அதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளை உள்ளே உதைக்கும். ஆண்டவர் பிள்ளையைக் கொண்டு பேசுகிறார் என்று லில்லி அக்கா சொன்னார். ஆண்டவர் சரி என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பத்தைந்தாவது வாரம் டாக்டர் நேராக என்னைப் பார்த்தார். மெதுவாக மலாயில் பேசினார். எனக்கே புரிந்தது. கடிதம் இல்லாமல் நார்மலுக்குப் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டுவதுபோல என்றார். கடிதம் வராவிட்டால் ஆப்பரேசன்தான் நல்லது என்பேன், ஆனால் உன் உடம்பு, நீதான் முடிவு பண்ண வேண்டும் என்றார். அடுத்த வாரத்துக்குள் சொல் என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மிஸி பின்னாலேயே வந்தார்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. சூராட் தொலைஞ்சிருச்சா?"

"தொலையல. எங்க இருக்குன்னு தெரியும்."

"அப்ப எடுத்துட்டு வாங்கலா!"

அன்று சாயங்காலம் ஜேம்ஸ் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அந்த டின்ன எடுக்கணும்."

அவருக்கு உடனே புரிந்தது. சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"அவன எழுப்புற மாதிரி இருக்கும்" என்றார்.

"அவன் பக்கத்துல தான இருக்கு. அவன் மேல இல்லையே."

"சரி" என்றார். அதற்குமேல் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துக்கொண்டு சிநேகிதர் காரில் போனோம். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி இப்போது செம்பனைதான். சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஜேம்ஸ் முதலில் அதை நிமிர்த்தி நட்டார். அப்புறம் மண்வெட்டியை எடுத்தார். நான் நிற்க முடியாமல் பக்கத்துக் கல்லறைத் திண்டில் உட்கார்ந்தேன். அது யாருடையது என்று தெரியவில்லை. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு முழம் வெட்டுவதற்குள் டின் தட்டுப்பட்டது. துருப்பிடித்து ஒரு பக்கம் ஓட்டை. மூடியைத் திறந்ததும் தண்ணீர் வழிந்தது. சட்டை கறுத்துப்போயிருந்தது. காலுறை ஒன்றுதான் இருந்தது. புத்தகம் ஊறிச் சோற்றுக்கட்டி மாதிரி ஆகியிருந்தது. ஜேம்ஸ் பக்கத்தைப் பிரித்தார். கையோடு வந்தது. கடிதத்தில் ஓர் எழுத்தும் இல்லை. வெறும் நீலக் கறை.

ஜேம்ஸ் குந்தி உட்கார்ந்துவிட்டார். பிள்ளை செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"நாந்தான் போட்டேன். நாந்தான் போட்டேன்" என்றார்.

"நானும் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். மூடுங்க" என்றேன்.

மூடினார். மண்ணை மிதிக்காமல் கையால் தட்டிச் சமன் பண்ணினார்.

திரும்பி வரும்போது காரில் எனக்கு ஒரு கோபம் வந்தது. ஆண்டவர்மேல். பிள்ளையை எடுத்தீர், தாளையும் எடுத்தீர், இப்போது என்னை எப்படி முடிவு பண்ணச் சொல்கிறீர் என்று கேட்டேன். அதுதான் அவன் போன பிறகு நான் உண்மையாகப் பண்ணிய முதல் ஜெபம். அதில் சுகப்பிரசவம் என்று கேட்கவில்லை. கத்தி வேண்டாம் என்றும் கேட்கவில்லை. இந்தப் பிள்ளையைப் புதைக்க விடாதேயும், அவ்வளவுதான், மற்றது எதுவாக இருந்தாலும் நான் செய்கிறேன் என்றேன்.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் ஜேம்ஸிடம், "அந்த ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றேன்.

"எந்த ஆஸ்பத்திரி?"

"அவன் இருந்தது."

அந்த வாசலை மறுபடி மிதிக்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன். உள்ளே போனோம். பழைய ஃபைல் கேட்கிற கவுண்டரில் ஒரு தமிழ் அண்ணன் இருந்தார். ஓய்வு பெறுகிற வயசு. பிரசவ ஃபைல் வேண்டும் என்று சொன்னேன். வருஷம் சொன்னேன். என் அடையாள அட்டை, ஐசியைக் கொடுத்தேன்.

"அந்த வருஷமா? ஐயோ தங்கச்சி, கீழ் ஸ்டோர்ல தண்ணி பூந்து பாதி ஃபைல் ஊறிப்போச்சி. பாக்குறேன். உக்காரு."

மறுபடியும் தண்ணீர். ஜேம்ஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. அண்ணன் வெறும் கையோடு வந்தார்.

"இல்லம்மா. அந்த வரிசையே இல்ல. விண்ணப்பப் பாரம் எழுதிக் குடுத்துட்டுப் போ, தேடிப் பாப்போம். ஒரு மாசம் ஆவும்."

"ஒரு மாசம் எனக்கு இல்லண்ணே."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார். "மூத்தது இப்ப நடக்குதா? என்ன வயசு?"

வழக்கம்போல "இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பேன். அன்று அப்படி வரவில்லை. வேறு வந்தது.

"செத்துப்போச்சுண்ணே. பையன். மூணாம் நாள் செத்துப்போச்சு."

சத்தமாகவே சொல்லிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதை மொதல்லயே சொல்லக் கூடாதா தாயி? பிள்ள தவறுன கேஸ் ஃபைல்லாம் கீழ போவாது. பெரிய டாக்டருங்க திருப்பிப் பாக்குறதுக்கு மாடியில தனியா வச்சிருப்பாங்க. இரு."

பத்து நிமிஷத்தில் ஃபைல் வந்தது. மஞ்சள் அட்டை. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

என் மகன் செத்ததால் அந்த ஃபைல் மாடியில் இருந்தது. இதை நான் பல தடவை யோசித்துவிட்டேன். அவன் செத்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவனை ஏன் விட்டுவைக்கவில்லை என்று ஆண்டவரிடம் இன்றும் கேட்கிறேன். பதில் வரவில்லை. ஆனால் அன்று ஃபைல் வந்தது. நான் கேட்ட அதே நாளில் வந்தது.

அங்கிருந்த டாக்டர் ஒருவர் பார்த்துப் புதுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மறுநாள் கிளினிக்கில் டாக்டர் அதைப் படித்தார். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். குறுக்கே ஒரு கோடு. அதன் நடுவிலிருந்து மேலே ஒரு கோடு. மிஸி சொன்னார்.

"பிள்ள தலை மாட்டிக்கிட்டு வரல. அதனால மேலயும் வெட்டியிருக்காங்கக்கா. இனிமே எந்தப் பிள்ளையும் நார்மலுக்கு விடக் கூடாதுன்னு போட்டிருக்கு. வலி வர்றதுக்கு முன்னாடியே எடுக்கணும்."

டாக்டர் ஆப்பரேசனுக்கான சம்மதப் பாரத்தை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஆப்பரேசன் தேதியைச் சொன்னேன்.

லில்லி அக்காதான் கேட்டார். "இத்தன வாரம் சுகப்பிரசவம் கேட்டோமே சாந்தி. தேதி யாரு குடுத்தா, ஆண்டவரா, டாக்டரா?"

"அக்கா, நீங்க ஆறு பெத்தீங்க. நா ஒண்ணப் புதைச்சேன். எனக்கு இது உயிரோட வேணும். அதுதான் எனக்குச் சுகப்பிரசவம்."

நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. லில்லி அக்கா எழுந்து வந்து முன்பு வைத்த இடத்திலேயே கை வைத்தார். அன்று அவர் ஜெபம் ரொம்பச் சின்னது. "வெட்டுற கையப் புடிச்சிக்கோ ஆண்டவரே" என்று மட்டும் சொன்னார்.

முப்பத்தேழாவது வாரம். முதுகில் ஊசி போட்டார்கள். முழித்துக்கொண்டு இருந்தேன். நடுவில் துணி கட்டியிருந்தது. டாக்டர்கள் என்னமோ பேசிச் சிரித்துக்கொண்டு இருந்தார்கள். திடீரென்று பேச்சு நின்றது. யாரையோ கூப்பிட்டார்கள். இன்னொரு டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். அவரும் பேசவில்லை. நான் செத்துவிட்டேனோ என்று நினைத்தேன். இல்லை, பிள்ளைதான் என்று நினைத்தேன். ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

அப்புறம் அழுகைச் சத்தம் கேட்டது.

பெண் பிள்ளை. இரண்டே முக்கால் கிலோ. கன்னத்தில் வைத்தார்கள். ஈரமாகவும் சூடாகவும் இருந்தாள்.

மறுநாள் டாக்டர் வந்தார். என் பழைய வெட்டு உள்ளே பிளாஸ்டிக் பை அளவுக்கு மெலிந்து போயிருந்தது என்றார். திறந்ததும் அதன் வழியாகப் பிள்ளையின் தலைமுடி தெரிந்ததாம். அதனால்தான் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்களாம். வலி வந்திருந்தால் என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தத் துக்கம் எனக்கு இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

லில்லி அக்கா மூன்று நாள் உபவாசம் இருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. வார்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினார். தலைமுடி தெரிந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என் பேச்சக் கேட்டிருந்தா ஒன்னக் கொன்னுருப்பேன்டி" என்றார்.

"கேக்கலயேக்கா" என்றேன்.

மகளுக்குக் கிருபா என்று பெயர் வைத்தோம். இப்போது எட்டு மாசம். தவழ்கிறாள். பார்ப்பதையெல்லாம் வாயில் போடுகிறாள்.

என் வாழ்க்கையில் மாறியது என்ன என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. கேண்டீனில் அதே தட்டுதான் கழுவுகிறேன். ஆனால் ஜெபிக்கும்போது இப்போது வேஷம் போடுவதில்லை. கோபம் என்றால் கோபம் என்று சொல்கிறேன். பிள்ளை இருக்கா என்று கேட்டால், ரெண்டு பெற்றேன், ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை என்று சொல்கிறேன். நான் எதைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாமல் கேட்டுக்கொண்டு இருந்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குத்தான் இந்தச் சாட்சி. ஆப்பரேசன் சாட்சிதான். எனக்கு வெட்கம் இல்லை.

எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இப்போது இன்னொரு தங்கச்சி மாசமாக இருக்கிறாள். அவளுக்கும் முதல் பிள்ளை ஆப்பரேசன். தலையில் கை வைக்கும் முன் லில்லி அக்கா கேட்டார்: "சூராட் வச்சிருக்கியா? போயி எடுத்துட்டு வா. அப்புறம் ஜெபிக்கிறேன்." அவளுக்கு நார்மலே நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காக ஜெபிக்கிறோம். அவளுக்கு அது, எனக்கு இது.

இதைப் படிக்கிற யாருக்காவது இப்படி ஒரு முடிவு முன்னால் இருந்தால், பயப்படாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பயம் வரத்தான் செய்யும். பயத்தோடேயே கேளுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை டாக்டரிடம் கேளுங்கள். ஆண்டவரிடம் கேட்க வேண்டியதை ஆண்டவரிடம் கேளுங்கள். என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார். தனியாகப் போகக் கஷ்டமாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட வருகிறேன்.